மலைக் கோரையும் அதன் சுற்றமும்

ஹோர்ட்டன் சமவெளிக்குச் செல்வோர் பெரும்பாலும் ஓரிடத்தைக் காண்பதற்காகவே செல்கின்றனர். உலக முடிவு எனப் பெயர் பெற்ற செங்குத்துப் பாறையின் விளிம்பில் நின்று, ஏறத்தாழ 870 மீற்றர் ஆழத்திலே விரிந்து கிடக்கும் தாழ்நிலத்தைப் பார்த்துவிட வேண்டுமென்பதே அவர்தம் நோக்கம். பொழுது ஏறினால் மூடுபனி எழுந்து காட்சியை மறைத்துவிடும். ஆதலால் இருள் பிரியுமுன்னரே புறப்பட்டு, குளிரிற் கைகளைத் தேய்த்துக்கொண்டு, ஒற்றையடிப் பாதையில் ஓட்டமும் நடையுமாக விரைகின்றனர். அப்பாதை சின்னஞ்சிறு ஓடைகளையும் சதுப்பான பள்ளங்களையும் கடந்து செல்கின்றது. அங்கே எவரும் நிற்பதில்லை. முதன்முறை சென்றபோது நானும் நிற்கவில்லை.

அன்று என்னுடன் வந்த மாணவருள் ஒருவன் மட்டும் நின்றான். தெளிந்த ஓடை நீரிலே பச்சை நூற்கற்றை போல நீண்டு, நீரோட்டத்தோடு அசைந்து கிடந்த ஒன்றைச் சுட்டிக்காட்டி, "சேர், இது என்ன?" என்று கேட்டான். நான் திரும்பியும் பாராமல், "பாசிதான். கெதியாய் வா, பனி மூடப்போகுது" என்றேன். அவன் அதை ஏற்றுக்கொண்டு நடந்தான். ஆசிரியர் சொன்னால் ஏற்றுக்கொள்ளத்தானே வேண்டும்!

அது பாசியன்று. அது பூத்துக் காய்க்கும் தாவரம்; நம் வயல்களிலே நாம் பிடுங்கி எறியும் கோரையின் இனத்தது. இதனை அறிந்துகொள்ள எனக்குப் பல ஆண்டுகள் சென்றன. அந்த மாணவன் இப்பொழுது எங்கிருக்கிறான் என்பதை அறியேன். அவனுக்கு அன்று சொல்லியிருக்க வேண்டிய மறுமொழியையே இங்கு எழுதுகிறேன்.

கோரையை அறியாத தமிழர் இலர். உழவனுக்கு அது களை. நிலத்தின் கீழே கிழங்கு விட்டு, மேலே எத்தனை முறை களைந்தாலும் மீண்டும் தலைகாட்டுவது. வைத்தியருக்கு அதன் கிழங்கு மருந்து. முத்தக்காசு என்று பெயரிட்டுப் போற்றுவார். பாய் இழைப்பவருக்குப் பன்னும் கோரையும் பிழைப்பு. நம்மவர் பிறந்தபோதும், மணவறையிலும், இறந்தபோதும் விரிக்கப்படுவது அந்தப் பாய்தான். இங்ஙனம் களையாயும் மருந்தாயும் பாயாயும் நம்மோடு பழகிய இக்குடும்பத்தில் உலகெங்கும் 5,000 இற்கு மேற்பட்ட இனங்கள் உள. எனினும் புல்லையும் கோரையையும் வேறு பிரித்தறிவோர் நம்மிடையே சிலரே.

வேறுபாடு காண்பது கடினமன்று. புல்லின் தண்டு உருண்டையானது. கணுவுக்குக் கணு முடிச்சுடையது. பெரும்பாலும் உள்ளே குழலானது. கோரையின் தண்டை இரு விரல்களுக்கிடையே வைத்து உருட்டிப் பாருங்கள், உருளாது. மூன்று விளிம்புகள் விரலை உறுத்தும். இலைகளும் மூன்று வரிசையாகவே எழும். வகுப்பிலே இதனைச் சொல்லிக் கொடுத்து, மாணவர் கையில் ஒவ்வொரு தண்டைக் கொடுத்து உருட்டச் செய்வது என் வழக்கம். ஹோர்ட்டன் சமவெளியில் என்னை ஏமாற்றியதும் அந்தப் பாடமே. ஓடையிற் கிடந்த அத்தாவரத்தின் தண்டு நூல்போல் மெலிந்தது. நீரிலேயே தோய்ந்து துவண்டு கிடப்பது. விரலுக்கு விளிம்பு எதுவும் தட்டுப்படாதது. நுனியிலே, ஓர் எள்ளளவேயான சிறு கதிர் மட்டும் நீருக்கு மேலே தலை நீட்டும். அக்கதிரைக் கண்டால்தான் அது கோரையென அறியலாம். விதியைக் கற்றவன் விதிவிலக்கின் முன்னே குருடனாகிவிடுகிறான்.

இதற்கு 1753 ஆம் ஆண்டிலே பெயரிட்டவர் சுவீடன் நாட்டுத் தாவரவியலறிஞர் லின்னேயசு. 1810 இல், ஒஸ்திரேலியத் தாவரங்களைப் பற்றி எழுதிய நூலிலே, றொபேட் பிறவுண் என்னும் அறிஞர் இதனை வேறொரு சாதியிற் சேர்த்தார். இன்று வழங்கும் பெயர் ஐசோலெப்பிஸ் புளூயிற்றன்ஸ். பின்மொழிக்கு மிதப்பது என்பது பொருள். நாம் இதனை மிதவைக் கோரை என்போம்.

மிதவைக் கோரை எங்கே வளர்கின்றது என்னும் வினாவுக்கு விடை காண, முதலிற் சமவெளியின் இயல்பை அறிதல் வேண்டும். கடல்மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேலே, அஃதாவது ஏறக்குறைய 7,000 அடி உயரத்தில், கிரிகல்பொத்த, தொட்டுபொல ஆகிய சிகரங்களின் நடுவே அமைந்தது அது. ஆண்டுச் சராசரி வெப்பநிலை 13 பாகை செல்சியஸ் அளவினது. மழை 2,000 மில்லிமீற்றருக்கு மேற்பட்டது. தை, மாசி மாதங்களிலே சில இரவுகளில் நிலம் உறைபனியால் வெளுத்துவிடும். இத்தகைய மலைப் புல்வெளிகளைச் சிங்கள மக்கள் பதன என்பர். தோட்டத் தமிழர் வாயிலே அது பத்தனை என்றாயிற்று. தலவாக்கலைக்கு அருகே பத்தனை என்று ஓர் ஊரே உண்டு.

பார்வைக்கு ஒரே பசுமையாகத் தோன்றும் இப்பத்தனையிலே மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்கி நடந்தால், ஒவ்வொரு படியிலும் வேறுவேறு குடிகளைக் காணலாம். முகட்டிலே காடு. காற்றிலே வளைந்து முறுகிய கீன மரங்களும், நாவலின் இனத்தவும், கறுவாவின் இனத்தவும் அங்கே குடைபோலக் கவிந்து நிற்கும். அவற்றின் நிழலிலே நெலு எனச் சிங்களவர் அழைக்கும் செடிகள் அடர்ந்திருக்கும். நம் இலக்கியத்துக் குறிஞ்சியின் சாதியைச் சேர்ந்தவை அவை. பல ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒருங்கே பூத்து, ஒருங்கே மடிபவை. காட்டை விட்டு இறங்கினால் சரிவிலே கொத்துக் கொத்தாக எழும் முரட்டுப் புற்கள். இடையிடையே, மகா ரத்மல் எனப்படும் செம்பூ மரம் தனித்து நிற்கும். இதன் நெருங்கிய உறவான மரம் நீலகிரியிலும் உண்டு. அங்குள்ள தமிழர் காட்டுப்பூவரசு என்பர். இன்னும் இறங்கினால், ஓடைக் கரையிலே ஆள் உயரமும் இல்லாத குள்ள மூங்கில். மூங்கிலைத் தாண்டிக் காலை வைத்தால் நிலம் நெகிழ்கிறது. கரிய சேற்றிலே பாதம் புதைகிறது. அதற்கும் அப்பால், ஓட்டம் தணிந்து நிற்பது போல நகரும் நீர். மிதவைக் கோரையின் இருப்பிடம் அந்த நீரே.

இந்நீர் கண்ணாடி போலத் தெளிந்தது. ஆயினும் செல்வமற்ற நீர். பயிருக்கு வேண்டிய போசணைப் பொருள்கள் அதில் மிகக் குறைவு; சற்று அமிலத்தன்மையும் உண்டு. செழிப்பை நாடும் தாவரம் எதுவும் இங்கு வாழாது. இந்த வறுமையே மிதவைக் கோரைக்கு வேலியாகின்றது.

இங்கே ஒரு வியப்பைக் குறிப்பிட வேண்டும். இது மலைக்கே உரிய தாவரம் என்று நான் எண்ணியிருந்தேன். ஆனால் இதே இனம் மேற்கு ஐரோப்பாவிலும், ஆபிரிக்காவிலும், நியூகினியின் மலைகளிலும், ஒஸ்திரேலியாவிலும் வளர்கின்றது. இங்கிலாந்தின் தென்பகுதியிலுள்ள நியூ பொறஸ்ற் என்னும் தரைப்பற்றைக் காட்டு நிலத்திலே, கடல்மட்டத்துக்கு மிக உயராத குட்டைகளில் அது சாதாரணமாகக் கிடக்கின்றது. குளிர்நாட்டிலே தாழ்நிலத்தில் வாழ்வது வெப்பநாட்டிலே மலையேறி நிற்கின்றது. அது தேடியது உயரத்தை அன்று; குளிர்ந்த, தெளிந்த, வறிய நீரை. அந்நீர் நம் நாட்டிலே மலை முகட்டிற்றான் கிடைத்தது. ஆகவே, ஒரு தாவரத்தின் முகவரியை அடிக்கணக்கினாலோ நாட்டின் பெயராலோ எழுதிவிட முடியாது என்பதை இந்த நூற்றண்டு எனக்குக் கற்பித்தது.

இத்துணைத் தூரம் பரந்த நாடுகளுக்கு இது எங்ஙனம் சென்றது? நீர்ப்பறவைகளின் காலில் ஒட்டிய சேற்றோடு விதைகள் செல்லக்கூடும் என்பது அறிஞர் பலரின் கருத்து. 1859 இல் வெளியான தமது நூலிலே சாள்ஸ் டார்வின் ஒரு சோதனையை விவரித்துள்ளார். ஒரு சிறு குளத்தின் ஓரத்தில் மூன்று இடங்களிலிருந்து மூன்று மேசைக்கரண்டிச் சேற்றை எடுத்தார். உலர்ந்தபின் அதன் நிறை 6¾ அவுன்சு. அதனைத் தம் படிப்பறையிலே ஆறு மாதம் மூடி வைத்து, முளைத்த செடிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எண்ணினார். 537 செடிகள்! ஒரு காலைக்கிண்ணத்துள் அடங்கும் சேற்றிலே இத்தனை உயிர்கள் இருந்தால், ஒரு கொக்கின் காலிலே எத்தனை காடுகள் பயணஞ் செய்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

இனி அதன் சுற்றத்தாரைக் காண்போம். தனியே வாழும் தாவரம் இல்லை. ஒரே வகை நிலத்தையும் நீரையும் வேண்டி ஓரிடத்திற் கூடி வாழும் தாவரத் தொகுதியை நம் பாடநூல்கள் சாகியம் என்கின்றன. இச்சொல் மாணவருக்குப் புதிதாகலாம். கருத்து நமக்குப் புதிதன்று. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என வகுத்து, அவற்றின்மேல் மரமும் பூவும் புள்ளும் விலங்கும் தொழிலும் அமைய, அவற்றைக் கருப்பொருள் என்று தொகுத்தது தமிழ் இலக்கண மரபு. தொல்காப்பியர் செய்யுளுக்கு இலக்கணம் கூறினாரேயன்றித் தாவரவியல் கூறினாரல்லர். பழையோர் எல்லாம் அறிந்திருந்தனர் என்று பெருமை பேசுவது என் கருத்தன்று. ஆயினும், ஓர் உயிரை அதன் நிலத்திலிருந்து பிரித்துப் பார்த்தலாகாது என்னும் நோக்கு இரண்டிற்கும் பொதுவானது என்பதை மறுத்தல் இயலாது.

மிதவைக் கோரையின் அயலவருள் முதலிற் கூறத்தக்கது ஒரு கொட்டி. கொட்டி என்றதும் தமிழ் கற்றோருக்கு மூதுரை நினைவுக்கு வரும். குளம் வற்றியதும் பறந்துவிடும் பறவைகளைப் போலாது, அங்கேயே ஒட்டியிருக்கும் நீர்த்தாவரங்களை உண்மை உறவுக்கு உவமையாக ஔவையார் காட்டினார். அவற்றுள் ஒன்று கொட்டி. நம் தாழ்நிலக் குளங்களிலே வாழும் அக்கொட்டியின் சாதியைச் சேர்ந்த ஓரினம் இம்மலை ஓடைகளிலே வாழ்கின்றது. அப்போனோகெற்றன் ஜேக்கப்செனி என்பது அதன் பெயர். இலங்கையின் மலைநாட்டுக்கே உரியது. உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராதது. உலகெங்கும் உறவுடைய மிதவைக் கோரையும், இந்த மலையைத் தவிர வேறு வீடற்ற மலைக் கொட்டியும் ஒரே ஓடையிலே பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன.

அடுத்த அயலவர் யூற்றிக்குலேரியா என்னும் ஊனுண்ணித் தாவரம். வேரற்றது இது. நூல் போன்ற கிளைகளிலே கடுகளவான சிறு பைகள் தொங்கும். பையின் வாயிலே உள்ள மயிர்களை ஒரு நுண்ணிய நீர்ப்பூச்சி தீண்டினால், கண்ணிமைப் பொழுதிற்கும் குறைவான நேரத்திலே வாய் திறந்து, நீரோடு பூச்சியையும் உறிஞ்சி மூடிக்கொள்ளும். நீரிலே கிடைக்காத உணவை இவ்வாறு வேட்டையாடிப் பெறுகின்றது. ஊனுண்ணித் தாவரம் ஓரிடத்தில் வாழ்கிறதென்றால், அவ்விடத்தின் நீர் அல்லது நிலம் வறியது என்று பெரும்பாலும் துணிந்து கூறலாம். கரையின் கரிய சேற்றிலே, வெள்ளைப் பொத்தான் போன்ற தலைகளை உயர்த்தி நிற்பவை எரியோகோலன் செடிகள். அவற்றோடு ஜன்கஸ் எனப்படும் நாணலொத்த செடியும், நீலப் பூப் பூக்கும் எக்சாக்கமும் கலந்து நிற்கும். இங்கிலாந்துக் குட்டைகளிலும் மிதவைக் கோரைக்கு யூற்றிக்குலேரியாவின் ஓரினமும் ஜன்கஸின் ஓரினமும் துணையாயிருக்கின்றன. நாடு மாறினும் அயல் மாறவில்லை.

இச்சுற்றம் இங்கே எவ்வளவு காலமாக வாழ்கின்றது? விடை அந்தக் கரிய சேற்றிலேயே உள்ளது. குளிரும் நீர்த்தேக்கமும் சேர்ந்த இடத்தில் ஒட்சிசன் குறைவு. ஆதலால் இறந்த இலையும் வேரும் முற்றாக உக்குவதில்லை. ஆண்டுக்காண்டு படலம் படலமாக அவை படிந்து முற்றாநிலக்கரியாகின்றன. காற்றிலே பறந்து வந்து வீழ்ந்த மகரந்த மணிகளும் அப்படலங்களில் அழியாதிருக்கும். 2003 ஆம் ஆண்டிலே பிரேமதிலக்க, ரிஸ்பேர்க் என்னும் இரு ஆய்வாளர் இச்சமவெளியின் படிவுகளைத் துளைத்து எடுத்து ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரையிலே, 20,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு விரிகின்றது. பருவக்காற்று மெலிந்து வரண்ட காலங்களும், வலுத்துப் பொழிந்த காலங்களும், காடு பரந்ததும் சுருங்கியதும் அதிலே பதிந்துள்ளன. கோரையின் மகரந்தமும் அங்கே உண்டு. ஆயின் அது கோரைக் குடும்பத்தது என்று அறியலாமேயன்றி, இன்ன இனத்தது என்று பெரும்பாலும் அறிய முடியாது. தனிப்பெயர் அழிந்து குடிப்பெயர் மட்டும் எஞ்சுகின்றது. மனிதர் வரலாறும் அத்தகையதன்றோ?

மலை பெய்யும் மழையைப் பள்ளங்களின் இக்கருமண் பஞ்சுபோல உறிஞ்சி வைத்து, மழையற்ற நாளிலும் சிறிது சிறிதாகக் கசியவிடுகின்றது. சமவெளியையும் அதனைச் சூழ்ந்த மலைகளையும் தொட்டே மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் நீர் செல்கின்றது. மகாவலி 335 கிலோமீற்றர் ஓடித் திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவிற் கலக்கின்றது. மூதூர்ப் பக்கத்திலே நெல் விதைக்கும் உழவன் தன் வயலிற் கோரையைச் சபித்துக்கொண்டே பிடுங்குகிறான். அவன் வயலுக்கு வரும் நீரில் ஒரு பகுதி, கோரை வாழும் பள்ளமொன்றிலிருந்து புறப்பட்டது என்பதை அவனுக்குச் சொல்வார் இல்லை.

இப்பள்ளங்களுக்கு இன்று நேர்ந்துள்ள இடரையும் சொல்லியாக வேண்டும். 1969 இல் இயற்கை ஒதுக்கிடமாகவும், 1988 இல் தேசிய பூங்காவாகவும் ஹோர்ட்டன் சமவெளி பிரகடனஞ் செய்யப்பட்டது. 2010 இல் இலங்கையின் மத்திய மலைநாட்டு உலக மரபுரிமைப் பகுதியில் அதுவும் இடம்பெற்றது. சட்டத்தின் காவல் உண்டு. ஆயினும் முன்பே உள்ளே வந்துவிட்டவற்றைச் சட்டம் வெளியேற்றாது. கடந்த நூற்றாண்டிலே சமவெளியின் ஒரு பகுதியில் உருளைக்கிழங்கு பயிரிட்டுப் பின்னர் கைவிட்டனர். உரமிட்ட மண் பழைய வறுமைக்கு எளிதில் திரும்புவதில்லை. அங்கே வேற்றுநாட்டுப் புற்கள் வேரூன்றின. அன்றியும், ஆங்கிலேயர் காலத்திலே கொண்டுவரப்பட்ட யூலெக்ஸ் என்னும் மஞ்சட்பூ முட்செடி பற்றை பற்றையாகப் பரவிற்று. அதன் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உறங்கிக் கிடந்து முளைக்கவல்லது. வனசீவராசிகள் திணைக்களத்தாரும் தொண்டர்களும் அதனை வெட்டி அகற்றிவருகின்றனர். அதுவோ மீண்டும் தளிர்க்கின்றது.

இதிலே ஒரு விந்தை உண்டு. நியூ பொறஸ்றிலே மேட்டில் யூலெக்ஸ், குட்டையில் மிதவைக் கோரை என்று இரண்டும் பழைய அயலவர். அங்கே ஒன்றையொன்று கெடுக்காமல் வாழ்பவை. இங்கே மிதவைக் கோரை எவரும் கொண்டுவராமலே வந்து, இந்நிலத்தோடு பொருந்தி வாழ்கின்றது. யூலெக்ஸோ மனிதன் கையாலே வந்து, நிலத்தையே தன் இயல்புக்கு மாற்றுகின்றது. அதன் வேரிலுள்ள முடிச்சுகள் காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்து மண்ணை வளப்படுத்துகின்றன. வளப்படுத்துவது நன்மைதானே என்று கேட்கலாம். வயலுக்கு நன்மை. வறுமையையே வேலியாகக் கொண்டு வாழும் சாகியத்துக்கு அதுவே கேடு. நீர் செழித்தால் பாசி படரும். பாசி படர்ந்தால் ஒளி மறையும். ஒளி மறைந்தால் மிதவைக் கோரை மடியும். அப்பொழுது, அன்று நான் சொன்ன பிழையான விடை உண்மையாகிவிடும்: ஓடையிலே இருப்பது பாசிதான்.

முகட்டுக் காட்டிலே மரங்கள் நின்ற நிலையிலேயே பட்டுப்போவதைக் கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே அறிஞர் கண்டு கவலையுற்று ஆராய்ந்து வருகின்றனர். வெளுத்த அடிமரங்கள் எலும்புக்கூடு போல் நிற்பதை எவரும் காணலாம். மரம் இறந்தால் பிணம் நிற்கின்றது. ஒரு கோரை இறந்தால் நீர் முன்போலவே ஓடுகின்றது. அங்கே ஒன்று இருந்தது என்பதற்குச் சான்றே இல்லை. அதன் பெயரை அறிந்தவன் ஒருவன் வந்து பார்த்தாலொழிய, அது போன செய்தியை எவரும் அறியார். பெயர் அறிதலை ஆசிரியத் தொழிலின் சிறிய பகுதி என்று நான் எண்ணியதுண்டு. இப்பொழுது அவ்வாறு எண்ணுவதில்லை.

அண்மையிலே மீண்டும் அங்கே சென்றேன். உலக முடிவுக்குப் போகவில்லை. ஓடைக்கரையிலே குனிந்து, நீரைத் தொடாமல், எள்ளளவான அந்தக் கதிரைத் தேடினேன். சிறிது நேரத்திலே கண்ணுக்குத் தட்டுப்பட்டது. பக்கத்திலே மலைக் கொட்டியின் இலைகள் நீரோட்டத்தில் அசைந்தன. என் பின்னால் இளைஞர் கூட்டமொன்று விரைந்து போயிற்று. அவர்களுள் ஒரு பெண் நின்று, "என்ன ஐயா தேடுறீங்கள்?" என்றாள். காட்டினேன். பெயரைச் சொன்னேன். அதன் அயலவர் பெயர்களையும் சொன்னேன். ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்த்துவிட்டு அவள் ஓடினாள்.

மூதுரை கூறும் பறவைகள் நாம். பனி எழுமுன் வந்து, கண்டு, பறந்துவிடுகிறோம். கோரையும் கொட்டியும் அவ்விடத்தை விட்டுப் போக அறியா. அவை அங்கே இருக்கும்வரை ஓடை தன் பழைய இயல்போடு இருக்கின்றது என்று நம்பலாம். மறுமுறை அவ்வழியே செல்வோர் உலக முடிவைக் காணுமுன், அந்தப் பள்ளத்தருகே சிறிது நின்று பார்த்துச் செல்க. மூன்று ஆறுகளின் தொடக்கம் அங்கேதான் இருக்கின்றது.